கடையின் பாஸ்வேர்ட் ரசம்

லேப்டாப் பழுது பார்ப்பவர்களுக்கு வருகிற தொழில் வியாதிகள் இரண்டு. ஒன்று கழுத்து வலி, இன்னொன்று பயம். கழுத்து வலிக்குத் தைலம் இருக்கிறது.

நான் வேலை பார்த்த கடை பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இருந்தது. கீழே சாப்பாட்டுக் கடை, பின்னால் ரயில் தண்டவாளம். ரயில் போகும்போதெல்லாம் மேசைமேல் கழற்றி வைத்த திருகாணிகள் மெல்ல நகர ஆரம்பிக்கும். ஒரு கையால் அவற்றை மறித்துக்கொண்டே இன்னொரு கையால் வேலை செய்யப் பழகியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மாடி ஏறி வந்தால், வருகிறவர் பெரிய ஆள் என்று அர்த்தம். அந்தப் பெரிய ஆளின் பொருளைத் திருகுளியால் திறக்கப் போகிறவள் நான் என்பதால், அவர் படி ஏறும்போதே என் வயிறு இறங்க ஆரம்பித்துவிடும்.

கடையில் மூன்றே பேர். முதலாளி அண்ணாமலையை நாங்கள் பாஸ் என்போம். வட்டிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை, பூட்டு சாவி விஷயத்தில் மட்டும் பரம்பரைப் புத்தி விடவில்லை. மூத்த மெக்கானிக் வோங். பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழும் மலாயும் கலந்து பேசுவான். மூன்றாவது ஆள் ஸ்டெல்லா, அதாவது நான். லிப்டில் ஏறினால் கயிறு அறுந்துவிடும் என்று பயப்படுகிறவள் இந்த வேலைக்கு எப்படி வந்தாள் என்று கேட்காதீர்கள். பாலிடெக்னிக்கில் படித்தபோது எல்லாம் தாளில்தான் இருந்தது. தாளில் எதுவும் புகையாது. என்னைப் போலவே அடுத்தவர் பொருளைக் கழற்றிப் பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால், கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரவும்.

பூச்சோங் காண்ட்ராக்டர்

முதலில் அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சில லேப்டாப்புகளில் பவர் போட்டவுடனேயே, வேறு எதுவும் வருவதற்கு முன்னால், கருப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து பாஸ்வேர்ட் கேட்கும். சரியாக அடித்தால்தான் மேற்கொண்டு போகும். மூன்று தரம் தப்பாக அடித்தால் அப்படியே உறைந்து நிற்கும். அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மேசைக் கம்ப்யூட்டரில் இதே பூட்டு இருந்தால் கவலையில்லை, உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் மறந்துவிடும். லேப்டாப் மறக்காது. போர்டில் ஒட்டியிருக்கும் நகம் அளவு சிப் ஒன்றில் அதை எழுதி வைத்திருக்கும்.

பூச்சோங்கில் வீடு கட்டும் காண்ட்ராக்டர் ஒருவர் தானே போட்ட பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்தார். மனைவி பெயர்தான் போட்டேன் என்று சத்தியம் செய்தார். மனைவியின் முழுப் பெயர், பாதிப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் எல்லாம் அடித்துப் பார்த்தோம். திறக்கவில்லை. கடைசியில் வோங் சாமணத்தை எடுத்தான். அந்த நகம் அளவு சிப்பின் இரண்டு கால்களைச் சாமணத்தால் சேர்த்துப் பிடித்தபடி பவர் போட்டால், பாஸ்வேர்டைப் படிக்க முடியாமல் லேப்டாப் திறந்துகொள்ளும். பக்கத்துக் காலில் பட்டால் போர்டு செத்துவிடும். அதற்கு முந்தின மாதம் ஒன்று அப்படிச் செத்தது. அந்தக் கருகல் வாசனை இரண்டு நாள் என் தலைமுடியில் இருந்தது. பவர் பொத்தானை அமுக்க வேண்டியது என் வேலை. வோங் என்னைப் பார்த்து, "ஜாங்கான் தாக்குட்" என்றான். மலாயில் பயப்படாதே என்று அர்த்தம். அவன் அதைச் சொன்னால்தான் எனக்குப் பயமே வரும்.

நான் பொத்தானில் விரலை வைத்தேன். சாமணம் சிப்பை நோக்கி இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த காண்ட்ராக்டர் முகம் வெளிறி, நிறுத்து நிறுத்து என்று வோங்கின் தோளைப் பிடித்துவிட்டார். பயத்தில் ஞாபகம் வந்துவிட்டது. சொன்ன நம்பரை அடித்தேன், திறந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"பொண்டாட்டி பேருன்னுதான் நெனச்சேன் தங்கச்சி, என் மொதல் லோரி நம்பர்லா போட்டிருக்கேன். அவ இங்க வந்து கேட்டா சொல்லிடாதே."

வெள்ளைச் சட்டை அண்ணே

பாஸும் வோங்கும் சாப்பிடக் கீழே போயிருந்த ஒரு மத்தியானம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஷெல்பில் இருந்த ஒரு லேப்டாப்பைக் காட்டி, அது தன் ஆபீஸ் ஆளுடையது, அவசரமாக ஒரு பைல் வேண்டும், ஐந்து நிமிடத்தில் டிஸ்கெட்டில் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றார். லேப்டாப்பின் உரிமையாளர் பெயர், அவர் வீடு, அவர் மகள் படிக்கும் பள்ளி எல்லாம் சரியாகச் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. பயந்த சுபாவத்தில் இது ஒரு தொல்லை, தப்பு செய்யவும் பயம், முடியாது என்று சொல்லவும் பயம். கொடுத்தேன்.

சாயங்காலம் உண்மையான உரிமையாளர் வந்தார். வெள்ளைச் சட்டை ஆறு மாதம் முன்பு அவரிடம் சண்டை போட்டுப் பிரிந்து போன தொழில் பங்காளி. அந்த டிஸ்கெட்டில் என்ன போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உரிமையாளர் கத்தவே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. மறுநாளே பாஸ் புதுச் சட்டம் போட்டார். கடையில் தங்குகிற எந்த லேப்டாப்பாக இருந்தாலும், உள்ளே வந்தவுடன் பவர் போடும்போதே கேட்கிற மாதிரி கடையின் பாஸ்வேர்டைப் போட்டுவிட வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட். கீழ்க் கடையில் அவர் தினமும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடிக்கிற ரசம். ஆங்கில எழுத்தில் ஐந்து, rasam. எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது.

"இது ஸ்டெல்லாகிட்ட இருந்து லேப்டாப்ப காப்பாத்தறதுக்கு இல்ல, ஸ்டெல்லாவ காப்பாத்தறதுக்கு" என்றார் பாஸ்.

துண்டில் சுற்றி வந்தது

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், கடை மூட அரை மணி இருக்கும்போது, பாக்கியம் டீச்சர் வந்தார். கிள்ளான் பக்கம் மேருவில் மெதடிஸ்ட் சர்ச் பின்னால் பாலர் பள்ளி நடத்துகிறவர். அவருக்குப் பின்னால் வீரையா என்றொரு தொழிற்சாலைத் தொழிலாளி. அவர் ஒரு பழைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி ஏறி வந்தார். கிள்ளானிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே அப்படித் தூக்கி வந்தாராம்.

டீச்சர் பக்கத்தில் வைத்திருந்த தே தாரிக், அதாவது பால் தேத்தண்ணீர், கவிழ்ந்து கீபோர்டின் இடப்பக்கத்தில் ஊற்றிவிட்டது. காய வைத்த பிறகு ஒரு எழுத்தைத் தட்டினால் பக்கத்து எழுத்தும் கூடவே வந்து விழுகிறது. தட்டிக் காட்டினார். ஆமாம், ஒன்றுக்கு இரண்டாக விழுந்தது. புது கீபோர்டு புதன்கிழமைதான் வரும் என்றேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். பிறகு ஏன் எண்ணினார் என்று சொன்னார். மேரு சுற்று வட்டாரத்தில் சிவப்பு ஐசி வைத்திருக்கிற இருபத்திரண்டு பேருக்காக நான்கு மாதமாக அலைந்து மனு தயார் செய்திருக்கிறார். சிவப்பு ஐசி என்றால், இங்கேயே பிறந்து இங்கேயே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியிருந்தாலும் குடியுரிமை இல்லை என்று சொல்லும் அட்டை. எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், எந்த லயத்து வீடு, பிரசவம் பார்த்தது யார், சாட்சி யார், சாட்சி இப்போது எங்கே என்று வீடு வீடாகக் கேட்டு நேரே இதில்தான் அடித்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் பதிவிலாகா ஆபீசர் மேரு பொது மண்டபத்துக்கு வருகிறார். ஒரே நாள்தான். அடுத்து எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. பிரிண்ட் எடுத்தாயிற்றா என்று கேட்டேன். எடுக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் தேத்தண்ணீர் கவிழ்ந்ததாம்.

வீரையா துண்டை மடித்து லேப்டாப்புக்கு அடியில் வைத்தார். அந்த இருபத்திரண்டில் அவரும் ஒருவர். எனக்குச் சிவப்பு ஐசி என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. செந்தூலில் எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னுக்குள் அம்மாவுடையது ஒன்று இருக்கிறது. ஆனால் அதை அப்போது சொல்லத் தோன்றவில்லை. டீச்சர் கதவு வரை போய்த் திரும்பினார்.

"இதுக்குள்ள இருவத்திரண்டு பேர் இருக்காங்கம்மா. பத்திரமா வெச்சிரு."

உறைந்த கட்டம்

பத்திரமாக வைத்தேன், அதுதான் என் பாவம். அவர்கள் படி இறங்கியதும் சட்டப்படி கடை பாஸ்வேர்டைப் போட்டேன். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். வெளிக் கீபோர்டு ஒன்றை எடுத்து மாட்டியிருக்கலாம், அது அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. நாற்காலி போட்டு ஏறச் சோம்பல். அந்தக் கெட்டுப்போன கீபோர்டிலேயே அடித்தேன். இரண்டாம் தரம் அடி என்றது, அடித்தேன். ஏற்றுக்கொண்டது. அந்த மாடலில் இன்னொரு கேள்வியும் வந்தது, ஹார்ட் டிஸ்க்கையும் இதே பாஸ்வேர்டில் பூட்டவா என்று. பயந்தவர்கள் பூட்டவா என்று கேட்டால் எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பூட்டினேன்.

புதன்கிழமை புது கீபோர்டு வந்தது. பழையதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன். பவர் போட்டேன். கட்டம் வந்தது. ரசம் என்று அடித்தேன். தப்பு என்றது. விரல் பிசகியிருக்கும் என்று நிதானமாக அடித்தேன். தப்பு. மூன்றாம் தரம் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொல்லி அடித்தேன். உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டேன், பெரிய எழுத்தில் அடித்தேன், பின்னாலிருந்து அடித்தேன், வெளிக் கீபோர்டை இறக்கி மாட்டி அடித்தேன். என் பெயரைக்கூட அடித்துப் பார்த்தேன். சாமான் வாங்கப் பினாங்கு போயிருந்த பாஸுக்குப் போன் செய்து, பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்று கேட்டேன். ரசம்தான், வேறென்ன, சாம்பாரா என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். எனக்குப் பசிக்கும். டிராயரில் இருந்த பிஸ்கட் முழுவதையும் தின்றேன்.

வோங்கைக் கூப்பிட்டேன். சாமணத்தோடு வந்தான். எப்போதும் போல ஜாங்கான் தாக்குட் என்றான். டிஸ்க்கையும் பூட்டியிருக்கிறேன் என்று சொன்னதும் சாமணத்தைக் கீழே வைத்தான். போர்டில் இருக்கிற பூட்டைச் சாமணத்தால் ஏமாற்றலாம். டிஸ்க் பூட்டு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது, கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் திறக்காது. போர்டைக் காப்பாற்றலாம், உள்ளே இருக்கிற இருபத்திரண்டு பேரைக் காப்பாற்ற முடியாது. அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"இது டிஸ்க் பூட்டு லா, ஸ்டெல்லா. இந்தத் தடவ நானும் தாக்குட்."

நாலு மணிக்கு வந்த போன்

டீச்சர் நாலு மணிக்குப் போன் செய்தார். மணி அடித்ததுமே அவர்தான் என்று தெரிந்தது. வோங் எடுக்கவில்லை, என்னைப் பார்த்தான். எடுத்தேன். பொது மண்டபத்தில் நாற்காலி போட ஆள் சொல்லியாயிற்று, பிரிண்டருக்குத் தாள் வாங்கியாயிற்று, இரண்டு பேர் காப்பார் ஊரிலிருந்து லீவு போட்டுவிட்டு வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் என் தலையில் ஒரு செங்கல். கீபோர்டு மாட்டியாச்சா என்று கேட்டார். மாட்டியாயிற்று என்றேன். அது பொய்யில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். நாளைக்கு ரெடி டீச்சர் என்றேன். அது பொய். வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது. உண்மையைச் சொல்லும் பயம் அந்த நிமிடத்துக்குத்தான், பொய்யின் பயம் மறுநாள் கடை திறக்கும் பத்து மணி வரை கூடவே வரும் என்று அப்போது யோசிக்கவில்லை.

"நீ சொன்னா சரிதாம்மா" என்றார். "நான் எல்லாருக்கும் சொல்லிடறேன்."

டீச்சர் வைத்த பரீட்சை

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிஸ்கட் டின்னை எடுத்து அந்தச் சிவப்பு அட்டையைப் பார்த்தேன். படத்தில் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். எதுக்குடி அதை எடுக்கற என்று கேட்டார். சும்மா என்றேன். அவர் தோட்டத்தில் பிறந்ததற்கு ஒரு தாளும் இல்லை, இரண்டு தரம் மனு போட்டுத் திரும்பி வந்தது, மூன்றாம் தரம் போடுவதற்கு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. இருபத்திரண்டு பேர் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கும். எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் இல்லாத வீட்டில் அதற்குக் காரணம் சொல்ல முடியாமல் குளிக்கப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை நான் கடை திறக்கப் போனபோதே டீச்சரும் வீரையாவும் மாடிப்படியில் காத்திருந்தார்கள். வீரையா தோளில் அதே துண்டு. கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூட்டினது, திறக்காதது, டிஸ்க், போனில் சொன்ன பொய். எங்கம்மாவும் சிவப்பு ஐசிதான் டீச்சர், இது என்னன்னு எனக்குத் தெரியும் என்று கடைசியில் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வீரையா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் திட்டவில்லை. முப்பது வருஷம் சின்னப் பிள்ளைகளிடம் வேலை செய்தவர், எழுதத் தெரியாத பிள்ளையிடம் சிலேட்டை நீட்டுகிற மாதிரி லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். என்ன அடிச்சேன்னு நான் கேக்கல, அன்னைக்கு எப்படி அடிச்சியோ அதே மாதிரி அடிச்சுக் காட்டு என்றார்.

அடித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் கட்டத்தில் ஒரு நட்சத்திரம் விழும். ஐந்து நட்சத்திரம் விழுந்தது. தப்பு என்றது. ஆனால் நான் அந்த ஐந்து நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை கட்டம் நிறைந்திருந்தது. பஸ் அவசரத்தில் பார்த்தும் பார்க்காமல் விட்டது கண் முன்னால் அப்படியே வந்தது. அன்று நான் ரசம் என்றுதான் அடித்தேன், கீபோர்டு வேறு எதையோ சேர்த்து அடித்திருக்கிறது. இரண்டாம் தரம் கேட்டபோதும் அதே தப்பையே சேர்த்து அடித்ததால் ஒத்துப்போய்விட்டது. எந்த எழுத்தோடு எது சேர்ந்து விழுந்தது என்று நட்சத்திரத்தில் தெரியாது, அந்தக் கெட்டுப்போன கீபோர்டுதான் சாவி. நான் அதை மேசை ஓரத்தில் தேடினேன், குப்பைக் கூடையில் தேடினேன். காணவில்லை.

அதற்குள் வந்து சேர்ந்திருந்த வோங் தன் மேசைக்குப் போய், மின்விசிறிக்குக் கீழே காயவைத்திருந்த கீபோர்டை எடுத்து வந்தான். உதிரியாக உதவும் என்று புதன்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஆல்கஹால் போட்டுச் சுத்தம் செய்திருக்கிறான். பளபளவென்று இருந்தது. மாட்டி அடித்தேன். ஐந்தே நட்சத்திரம். ஒன்றுக்கு ஒன்று, ஒழுங்காக.

"ரெண்டு தடவ கழுவினேன் ஸ்டெல்லா" என்றான் வோங். "மொத தடவ போதும்னு நெனச்சேன், அப்புறமும் கழுவினேன்."

இனிப்பு தூக்கலாக

பின்னால் ரயில் போனது, திருகாணிகள் நகர்ந்தன, யாரும் மறிக்கவில்லை. பிறகு டீச்சர் வீரையாவிடம், கீழே போய் ஒரு தே தாரிக் வாங்கி வரச் சொன்னார். இந்த நேரத்தில் தேத்தண்ணீரா என்று நினைத்தேன். இனிப்பு தூக்கலா, பால் கூட, ஆற வெச்சு வாங்கிட்டு வாங்க, அன்னைக்குக் கவிழ்ந்தது அப்படித்தான் என்று அவர் விவரம் சொன்னபோதுதான் புரிந்தது. கெட்டுப்போன கீபோர்டைச் சரி செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சரியான கீபோர்டைக் கெடுக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

வோங் கீபோர்டை லேப்டாப்புக்கு வெளியே, வயர் எட்டும் தூரத்தில், பழைய பேப்பர் மேல் வைத்தான். மெஷினைப் பிளாஸ்டிக் பையால் மூடிப் பின்பக்கம் சற்று உயர்த்தினான். தேத்தண்ணீர் வயர் வழியாக ஏறிப் போர்டுக்குள் போனால் கதை அத்தோடு முடிந்தது. டீச்சர் டம்ளரை வாங்கி, இடப்பக்க மூலையில் வைத்து, முழங்கையால் தட்டிவிட்டார். ஊற்றவில்லை, அன்று நடந்த மாதிரியே தட்டிவிட்டார். வீரையா துண்டை நீட்டினார். வேண்டாம், அன்னைக்கு உடனே தொடைக்கல என்று தடுத்துவிட்டார்.

அடித்தேன். ஐந்து நட்சத்திரம். காத்திருந்தோம். அடித்தேன். ஐந்து. மூன்றாவதும் ஐந்து, உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டேன். தேத்தண்ணீர் விசைகளுக்கு நடுவே மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த முறை முதல் எழுத்துக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு இரண்டு. ஆறு நட்சத்திரம். தப்பு. ஆனால் டீச்சர் என் தோளை அழுத்தினார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டோம். பேப்பரில் ஈரம் வயர் பக்கம் படர்ந்துகொண்டே வந்தது. வோங் டிஷ்யூவை வைத்து அணை கட்டினான். அடுத்தது ஏழு, இரண்டு a-யில் ஒன்று மட்டும் இரட்டித்தது. தப்பு. என் விரல் கடைசி எழுத்தின் மேல் வழுக்கியது, பாவாடையில் துடைத்துக்கொண்டேன். மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். மாதாவைக் கும்பிடாத மெதடிஸ்ட் டீச்சர் பக்கத்தில் இருந்ததால் வெளியே சொல்லவில்லை. அடித்தேன். எட்டு நட்சத்திரம் விழுந்து கட்டம் நிறைந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு கட்டம் மறைந்து, டிஸ்க் கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வோங்தான் மௌஸை மாட்டி இருபத்திரண்டு பேரையும் டிஸ்கெட்டில் எடுத்தான். ஒரு முறை எடுத்த பிறகு இன்னொரு முறையும் எடுத்தான். அதன் பிறகு அந்த ஈரக் கீபோர்டிலேயே மறுபடி ரசம் அடித்து இரண்டு பூட்டையும் கழற்றினேன். வீரையா டிஸ்கெட்டுகளைத் துண்டில் முடிந்துகொண்டார். அவர் அழுதாரா சிரித்தாரா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

புது கீபோர்டை மாட்டிக் கொடுத்து, எல்லா விசையும் சரியா என்று ஒரு முறை அடித்துப் பார்க்கச் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். புதிதாக ஒரு மனுவைத் திறந்தார். மேலே இருபத்து மூன்று என்று நம்பர் போட்டார். பெயர் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன். அம்மா எடுத்தார். டீச்சர் என் பக்கம் திரும்பினார். கீழ்க் கடையிலிருந்து யாரோ எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொண்டு வந்து மேசைமேல் வைத்திருந்தார்கள்.

"எந்தத் தோட்டத்துல பொறந்தாங்கன்னு கேளு. அதுக்கு முன்னாடி அந்தத் தேத்தண்ணிய எடுத்து அந்தப் பக்கம் வை."

அம்மாவுக்குக் குடிமக்களின் நீல ஐசி கைக்கு வர அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஆனது, போயும் போயும் எட்டு நட்சத்திரத்தில் திறந்துகொண்ட ஒரு பூட்டைப் பார்த்தா அப்படிப் பயந்தோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.